கத்திக்கும் அடுப்புக்கும் இடைப்பட்ட நேரம்

ஹிஸ்டமின் சகிப்பின்மை என்று இன்றைய மருத்துவ நூல்கள் குறிப்பிடும் நிலையில், உணவின் வழியே உடலுக்குள் வரும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் குடலின் உட்சுவரில் உருவாகும் டைஅமின் ஆக்ஸிடேஸ் என்ற நொதியால் போதிய வேகத்தில் சிதைக்க இயலாமல் போகிறது என்றும், அதனால் உண்ட சிறிது நேரத்திலேயே முகம் சிவத்தல், தலைவலி, மூக்கடைப்பு, தோல் தடிப்பு, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றுப்போக்கு முதலிய தொல்லைகள் தோன்றுகின்றன என்றும் கருதப்படுகிறது. இது ஒவ்வாமை அன்று. ஒவ்வாமையில் உடலின் எதிர்ப்பாற்றல் ஓர் உணவின் புரதத்தைப் பகையாகக் கொண்டு தானே ஹிஸ்டமினை வெளியிடுகிறது. சகிப்பின்மையிலோ அப்பொருள் உணவோடு கலந்தே வருகிறது. ஆகவே உண்டது என்ன என்பதோடு, அதில் எவ்வளவு ஹிஸ்டமின் இருந்தது, அது அந்த உணவில் எப்போது சேர்ந்தது என்னும் கேள்விகளும் இங்கே முதன்மை பெறுகின்றன.

இத்தகையோருக்கென வகுக்கப்பட்ட உணவுப் பட்டியல்களில், முதிர்ந்த பாலாடைக்கட்டி, சிவப்பு ஒயின், நொதிக்கவைத்த தொத்திறைச்சி, டின்னில் அடைத்த மீன் ஆகியவை விலக்கப்பட, கோழியும் வான்கோழியும் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்டவற்றின் வரிசையில் நிற்கின்றன. ஆயினும் அந்த அனுமதி நிபந்தனைகளோடு கூடியது: பறவை புதிதாக அறுக்கப்பட்டதாகவோ, அறுத்த உடனே உறையவைக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும், உறைந்ததை விரைவாக இளக்கி அப்போதே சமைக்க வேண்டும், சமைத்ததை அப்போதே உண்ண வேண்டும், மிஞ்சியதை ஆறவிட்டு மறுநாளுக்கு எடுத்துவைக்காமல் உடனே உறையவைக்க வேண்டும். இந்நிபந்தனைகள் யாவும் சமையலின் செய்முறையை விடக் கடிகாரத்தையே சார்ந்திருக்கின்றன. பறவையின் கழுத்தில் கத்தி படும் நொடிக்கும் அதன் இறைச்சி அடுப்பில் ஏறும் நொடிக்கும் இடையிலுள்ள நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். ஐரோப்பியச் சமையலின் வரலாற்றில் அதே நேரத்தை நீட்டுவதே நெடுங்காலம் நற்சமையலின் இலக்கணமாகப் போற்றப்பட்டது.

நீட்டியதற்குத் தக்க காரணம் இருந்தது. உயிர் நீங்கிய உடலின் தசைகளில் ஆற்றல் தரும் சேர்மம் தீர்ந்துபோகவே அவை இறுகி விறைக்கின்றன. பின்னர்த் தசையிலேயே உள்ள நொதிகள் இழைகளை மெல்ல அறுக்க, விறைப்பு தளர்ந்து இறைச்சி மென்மையாகிறது. இளங்கோழியில் இம்மாற்றம் சில மணி நேரத்தில் முடிந்துவிட, மாட்டிறைச்சியில் அதற்குப் பல நாட்கள் பிடிக்கின்றன. முட்டையிட்டு ஓய்ந்த பெட்டையோ சண்டையிட்டு முறுகிய சேவலோ ஆனால், விறைப்பு நீங்கிய பின்னும் அதன் இழைநார்கள் பல்லுக்கு வசப்படுவதில்லை. பண்டைய கிரேக்கர்களும் இதை அறிந்திருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த புளூடார்க், விருந்து உரையாடல்களைத் தொகுத்த தம் நூலின் ஆறாம் பகுதியில், ஹெராக்ளிஸுக்குப் பலியிட்ட ஒரு சேவலை அத்திமரத்தில் தொங்கவிட்டு, அன்றே அறுத்ததாயினும் நாள்பட்டது போல மென்மையாகப் பரிமாறிய ஒரு சமையற்காரரைப் பற்றியும், அதற்கான காரணம் குறித்து விருந்தினர் நடத்திய விவாதத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அத்திப்பாலில் புரதத்தை அறுக்கும் நொதி உண்டு என்பது பின்னாளில் தெரியவந்தது. மரத்தில் தொங்கவிட்டதால் மட்டுமே அது சேவலின் தசைக்குள் சென்றிருக்குமா என்பது வேறு கேள்வி. நாள்பட்ட பறவையே மென்மையானது என்பதை விருந்தினர் எவரும் ஐயுறவில்லை என்பதும், நாளைச் சுருக்கும் உபாயமே அவர்களை வியக்கவைத்தது என்பதும் இவ்வரலாற்றுக்கு முக்கியமானவை.

பிரான்சில் இத்தேவை சுவையாக மாறியது. 1588இல் வெளியான பதிப்பில் சேர்க்கப்பட்ட தம் கடைசிக் கட்டுரையில் மொந்தேய்ன், இறைச்சி வகைகளைக் குறைவாக வேகவைத்து உண்பதும், மணம் மாறத் தொடங்கும் வரை நாள்படவைத்து உண்பதும் தமக்கு விருப்பம் என்று ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறார். 1825இல் சுவையின் உடலியலைப் பற்றி நூல் எழுதிய நீதிபதி பிரியா-சவாரென் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஃபெசன்ட் என்னும் நீள்வால் காட்டுக்கோழியைக் கொன்ற மூன்று நாட்களுக்குள் உண்டால் அதில் தனிச்சிறப்பு ஏதும் இராது என்றும், கொழுத்த வீட்டுக்கோழியின் நயமோ காடையின் நறுமணமோ அதற்கு வாய்க்காது என்றும், அழுகல் தொடங்கும் அந்த விளிம்பில்தான் அதன் வாசனை வெளிப்படுகிறது என்றும் அவர் வாதிட்டார். இலேசான நாற்றமும் வயிற்றின் நிறமாற்றமும் அடுப்பில் ஏற்றுவதற்கான அடையாளங்கள் ஆயின. இறகைப் பறிக்காமல் தொங்கவிட வேண்டும் என்பதும் அவர் விதித்த நெறி. பிரெஞ்சு மொழியில் இச்செயலுக்கே ஃபெசன்டின் பெயர் ஏறிவிட்டது.

இங்கே நாவின் தீர்ப்பைப் பழிப்பது எளிது, ஆனால் நியாயமாகாது. குளிர்ந்த காற்றோட்டமுள்ள இடத்தில் குடலோடும் இறகோடும் தொங்கும் காட்டுப்பறவையின் தசை, தோல் கிழியாதவரை நுண்ணுயிர்கள் எளிதில் புகாத ஒரு பொருளாகவே நெடுநேரம் இருக்கிறது. 1970களில் பிரித்தானிய ஆய்வாளர்கள் ஃபெசன்ட்களை 5, 10, 15 பாகை செல்சியஸ் வெப்பநிலைகளில் தொங்கவிட்டுச் சுவைஞர் குழுவிடம் கொடுத்துப் பார்த்தபோது, 15 பாகையில் 4 நாளோ 5 பாகையில் 18 நாளோ வைத்தவற்றைக் காட்டிலும் 10 பாகையில் 9 நாள் வைத்தவையே ஏற்கத்தக்கவையாகத் தோன்றின. பிரியா-சவாரெனின் மூக்கு அவரை முற்றிலும் ஏமாற்றிவிடவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் சுவைஞர் குழுவின் தீர்ப்பு குடலில் நொதி குறைந்தோரின் உடல்நலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தொங்கவிட்ட வேட்டை இறைச்சியை அவர்களுக்கான பட்டியல்கள் பலவும் விலக்கியே வைக்கின்றன.

நகரத்துச் சந்தையின் கதை வேறு. பெருஞ்செல்வரின் வேட்டைக்காட்டில் நாள்படுதல் விரும்பித் தேடப்பட்டது. நகரவாசிக்கோ அது விலக்கவியலாத இடையூறு. இலண்டனில் கோழி விற்போரின் சங்கம் 1504இல் அரச சாசனம் பெற்றது. அவர்கள் கடை விரித்த தெரு இன்றும் அத்தொழிலின் பெயரையே தாங்கி நிற்கிறது. குளிர்பதனம் அறியாத காலத்தில் தொலைவிலிருந்து பறவையை நகருக்குக் கொண்டுவர இரண்டே வழிகள் இருந்தன: குளிர்காலத்தில் கொன்று கொண்டுவருவது, அல்லது எக்காலத்திலும் உயிரோடு கொண்டுவருவது. இரண்டாவது வழியின் பேரளவை டேனியல் டீஃபோ 1724இல் தம் பயண நூலில் பதிவு செய்தார். சஃபோக், நார்ஃபோக் மாவட்டங்களிலிருந்து வான்கோழிகளும் வாத்துகளும் மந்தை மந்தையாகக் கால்நடையாகவே இலண்டனுக்கு ஓட்டிவரப்பட்டன. இப்ஸ்விச் சாலையில் ஸ்டூர் ஆற்றின் ஒரு பாலத்தை மட்டும் ஒரே பருவத்தில் 300 வான்கோழி மந்தைகள் கடந்ததாகவும், மந்தைக்குச் சராசரி 500 எனக் கொண்டால் அவை 1,50,000 பறவைகள் ஆகும் என்றும் அவர் கணக்கிடுகிறார். அறுவடை முடிந்த வயல்களின் சிந்துமணிகளைத் தின்றபடி ஆகஸ்டில் புறப்பட்ட இம்மந்தைகள், அக்டோபருக்குப் பின் சாலை சேறாகும்போது நின்றுவிடும். அதன் பிறகு, பறவைகளை உயிரோடு ஏற்றிச்செல்ல நான்கு அடுக்குகள் கொண்ட வண்டிகள் புதிதாகப் பழக்கத்திற்கு வந்திருந்தன. நூறு மைல் நடந்த வான்கோழியின் தொடை எவ்வளவு உறுதிப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஆனால் அது கடைக்காரர் கத்தியின்கீழ் வந்த நொடி வரை புதியது.

உயிரோடு வாராதவற்றை வாங்குவோருக்கு எச்சரிக்கை தேவைப்பட்டது. 1747இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட ஹன்னா கிளாஸின் சமையல் நூல், பறவை இளையதா முதியதா, புதியதா பழையதா என்று அறியும் குறிகளுக்கெனத் தனிப்பகுதியே ஒதுக்கியது: வான்கோழி புதிதாயின் அதன் கண்கள் நிறைந்து ஒளிரும், கால்கள் வளையும், பழையதாயின் கண்கள் குழிந்து கால்கள் உலர்ந்திருக்கும். ஹிஸ்டமினைப் பற்றி ஒரு சொல்லும் அறியாத அந்தக் குறிப்புகள், கோழிக்கடையில் நிற்கும் இன்றைய நோயாளிக்கும் பெரும்பாலும் பயன்படும். ஆனால் அதே நூல் வேறோரிடத்தில், வெண்ணெயில் மூடித் தொலைதூரம் அனுப்பப்பட்டு எவரும் பொறுக்கவியலாத நாற்றம் எடுத்துவிட்ட பறவைகளை மீட்கும் வழியையும் கற்பிக்கிறது: கொதிக்கும் நீரில் ஒவ்வொன்றையும் அரை நிமிடம் இட்டு எடுத்து, உள்ளும் புறமும் துடைத்து, சாதிபத்திரி, மிளகு, உப்பு தடவி, புதிதாக உருக்கிய வெண்ணெய் ஊற்றி வைத்தால் அவை முன்போலவே ஆகிவிடும் என்பது அவர் உறுதி. கெட்ட வெண்ணெயின் நாற்றத்தை அந்த அரை நிமிடம் போக்கியிருக்கும். காலம் செய்ததை நெருப்பு மாற்றிவிடும் என்னும் நம்பிக்கை இந்தச் செய்முறைக்குப் பின்னால் நின்றது; அது ஒருவருடைய தனி நம்பிக்கை அன்று, அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஐரோப்பியச் சமையலறை முழுவதன் நம்பிக்கை.

குளிரால் காலத்தை நிறுத்தலாம் என்ற எண்ணமும் இதே இலண்டனின் விளிம்பில் ஒரு கோழியை வைத்துச் சோதிக்கப்பட்டது. தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேகன் 1626இன் தொடக்கத்தில் ஹைகேட் குன்றின் பனியில் வண்டியை நிறுத்தி, ஏழைப் பெண்ணொருத்தியிடம் ஒரு கோழியை வாங்கி, குடலை நீக்கச்செய்து, உட்புறம் பனியைத் திணித்தார் என்றும், அதனால் குளிர் தாக்கி அருகிலிருந்த அரண்டெல் பிரபுவின் மாளிகையில் ஏப்ரல் 9ஆம் நாள் இறந்தார் என்றும் ஜான் ஆப்ரி எழுதிவைத்தார். ஆப்ரி கதைசொல்லி, பேகன் பனிக்கு முன்பே நோயுற்றிருந்தார் என்று கருதும் வரலாற்றாசிரியரும் உண்டு. எனினும் உடல்களைக் கெடாமல் காப்பது குறித்த தம் சோதனை நன்றாகவே வெற்றிபெற்றது என்று அரண்டெலுக்குத் தாமே எழுதிய மடலில் பேகன் குறிப்பிட்டிருப்பதால், சோதனை நடந்தது என்பதில் ஐயமில்லை.

அழுகலில் என்ன உருவாகிறது என்ற கேள்வியை வேதியியல் கையிலெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். இத்தாலியர் பிரான்செஸ்கோ செல்மி, பிணங்களில் தோன்றும் நச்சுக் காரங்களுக்குப் ப்டோமைன் என்று பெயரிட்டார். 1885ஐ ஒட்டி ஜெர்மானியர் லுட்விக் பிரீகர், அழுகும் இறைச்சியிலிருந்து புட்ரெசின், கடாவரின் என்ற இரண்டு அமின்களைப் பிரித்தெடுத்தார். அமின்கள் என்பவை, புரதத்தின் கட்டைகளான அமினோ அமிலங்களிலிருந்து நுண்ணுயிர்கள் ஒரு கரியமிலக் கூறை நீக்கும்போது எஞ்சும் நைட்ரஜன் சேர்மங்கள். உணவால் வந்த நோய் எதுவாயினும் அதைப் ப்டோமைன் நஞ்சு என்றே மருத்துவரும் செய்தித்தாள்களும் சில பதிற்றாண்டுகள் அழைத்தன. ஆனால் 1888இல் ஆகஸ்ட் கேர்ட்னர், நோய் பரப்பிய இறைச்சியிலிருந்து இன்று சால்மோனெல்லா எனப்படும் கிருமியைப் பிரித்தபின், உயிருள்ள கிருமியே பகைவன், அதை வெப்பம் கொல்லும் என்ற கருத்து வலுப்பெற்றது. அது பல உயிர்களைக் காத்த கருத்துதான். ஆயினும் ப்டோமைன் கொள்கையோடு அதன் உள்ளே இருந்த ஒரு சிறு உண்மையும் சேர்த்துக் குப்பையில் எறியப்பட்டது.

அந்த உண்மை வேறு வாயிலாகத் திரும்பிவந்தது. 1907இல் அடோல்ஃப் விண்டவுஸும் கார்ல் ஃபோக்டும் ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்த ஒரு பொருளை, 1910இல் இலண்டனில் வெல்கம் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பார்ஜரும் ஹென்றி டேலும் தானியத்தில் வளரும் எர்காட் பூஞ்சையில் கண்டெடுத்தனர். அதே ஆண்டு டேலும் லெய்ட்லாவும் அது குருதியழுத்தத்தைத் தாழ்த்துவதையும் குடல், மூச்சுக்குழாய்த் தசைகளை இறுக்குவதையும் விளக்கினர். அதே 1910இல் ஜெர்மானிய வேதியியலர் டாங்க்வார்ட் ஆக்கர்மன், அழுகச்செய்யும் பாக்டீரியா ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அதனை உண்டாக்குகின்றன என்று காட்டினார். அவரே 1929இல் வாத்தின் தசையிலிருந்து ஹிஸ்டிடினுக்கு நெருங்கிய உறவுடைய அன்செரின் என்ற சேர்மத்தைக் கண்டறிந்ததும் குறிக்கத்தக்கது. பறவையின் மார்புத்தசை அச்சேர்மத்தை மிகுதியாகக் கொண்டது. 1927இல் டேலும் கூட்டாளிகளும் புத்தம்புதிய ஈரலிலும் நுரையீரலிலும் ஹிஸ்டமினைக் கண்டதும், அது அழுகலின் விளைவு மட்டுமன்று, உடலின் இயல்பான பொருளும்தான் என்பது நிலைநாட்டப்பட்டது. அவ்வாராய்ச்சியில் பங்கேற்றவரும், முன்னரே இன்சுலின் கண்டுபிடிப்பில் பெயர் பெற்றவருமான சார்லஸ் பெஸ்ட், 1929இல் நுரையீரல் திசுவில் ஹிஸ்டமின் தானே மறைவதைக் கவனித்தார்; அதைச் சிதைக்கும் நொதியை 1938இல் செல்லர் டைஅமின் ஆக்ஸிடேஸ் என அடையாளம் காட்டினார். பிற்கால மருத்துவர்கள் சகிப்பின்மை என்று அழைத்ததன் இரண்டு பாதிகளும், அதாவது பொருளும் அதன் துப்புரவாளரும், இரண்டாம் உலகப்போருக்கு முன்பே அறியப்பட்டிருந்தும், அவற்றை இணைத்துப் பார்க்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஹன்னா கிளாஸின் நம்பிக்கை எங்கே தவறியது என்பதை இவ்வேதியியல் துல்லியமாகக் காட்டுகிறது. வெப்பம் பாக்டீரியாவைக் கொல்லும். அவை சுரந்த நொதியையும் செயலிழக்கச் செய்யும். ஆனால் அந்நொதி அதற்குள் உண்டாக்கி முடித்த ஹிஸ்டமினைச் சமையலறை வெப்பம் அழிப்பதில்லை. உறைநிலையும் அவ்வாறே. அது மேலும் உண்டாவதைத் தடுக்கும், உண்டானதை நீக்காது. ஆகவே கெட்டுப்போகும் விளிம்பில் உள்ள கோழியை எவ்வளவு கொதிக்கவைத்தாலும், எத்தனை மசாலா சேர்த்தாலும், அது கிருமியற்றதாகலாமேயன்றிப் புதியதாவதில்லை.

அமெரிக்காவில் இந்த இடைநேரம் தொழிற்சாலை அளவில் நீண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுமேற்கு மாநிலங்களில் கொன்ற கோழிகள் இரயிலில் கிழக்கு நகரங்களுக்குப் போயின. அவற்றில் பெரும்பாலானவை நியூயார்க் முறை என்று வழங்கிய வகையில், இரத்தம் வடித்து இறகு மட்டும் பறித்து, தலையும் காலும் குடலும் உள்ளபடியே அனுப்பப்பட்டன. குடலோடு அனுப்புவது தூய்மைக் கேடு என்று சீர்திருத்தவாதிகள் குரல் எழுப்பினர். இந்தச் சிக்கலை அளந்து பார்த்தவர் மேரி எங்கல் பென்னிங்டன். 1892இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் பெண் என்ற காரணத்தால் அவருக்கு இளநிலைப் பட்டம் தர மறுத்துத் தேர்ச்சிச் சான்றிதழ் மட்டும் வழங்கியது; 1895இல் அங்கேயே முனைவரானார்; அரசுப் பணித் தேர்வில் முதலெழுத்துகளை மட்டும் இட்டு எழுதி, வேளாண் துறையின் ஃபிலடெல்ஃபியா உணவு ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்றார். கோழியின் வாய்வழியாக இரத்தக்குழாயை எங்கே வெட்டினால் இரத்தம் முழுமையாக வடியும் என்பதைப் படங்களோடு விளக்கிய அவருடைய 1910ஆம் ஆண்டுச் சிற்றேடு, இரத்தம் தங்கிய பறவையே முதலில் கெடுகிறது என்ற அளவீட்டின்மீது எழுந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஒப்பீட்டில் எதிர்பாராத முடிவு கிடைத்தது: அக்காலத்துச் சந்தை வழக்கப்படி குடல் நீக்கிய கோழிகளைவிட, நீக்காதவையே மெதுவாகக் கெட்டன. நீக்கும் கை, கத்தி, கழுவும் நீர் ஆகியவை குடலின் நுண்ணுயிர்களை உட்குழி முழுவதும் பூசிவிடுவதே அதற்குக் காரணம். சீர்திருத்தவாதிகளுக்கு இது உவப்பாக இல்லை. பென்னிங்டன் தம் எண்களை விட்டுக்கொடுக்கவில்லை. ஒழுங்கான வடிப்பு, உடனடியான உலர்குளிர்ச்சி, இடையறாத குளிர் என்ற மூன்றையும் வற்புறுத்தி, குளிர்பதன இரயில் பெட்டிகளுக்கான அளவுகோல்களையும் வகுத்தார். குடல் நீக்கிய பறவை அமெரிக்காவில் முழுமையாக வென்றது, கோழி இறைச்சிக்குக் கட்டாய ஆய்வை விதித்த 1957ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியே; அதற்குள் தொழிற்சாலைகள் குடலைத் தூய்மையாக நீக்கவும் பறவையை விரைவில் குளிர்விக்கவும் கற்றிருந்தன.

அந்தப் பதிற்றாண்டுகளில் குளிர்கிடங்குக் கோழி என்பதே வசைச்சொல்லாக இருந்தது. மாதக்கணக்கில் உறைந்து கிடந்ததைப் புதியதென்று விற்கிறார்கள் என்ற ஐயம் நியூயார்க்கின் யூதக் குடியேறிகளிடம் குறிப்பாக வலுவாக இருந்தது. சமயவிதிப்படி அறுக்கப்பட்ட பறவையைக் கண்முன்னே பெற விரும்பிய அவர்களால் அந்நகர் நாட்டின் மிகப்பெரிய உயிர்க்கோழிச் சந்தை ஆயிற்று. வந்த பறவைகளில் 96 விழுக்காடு பிற மாநிலங்களிலிருந்து உயிரோடு வந்தவை. 1930களில் நடுவண் அரசு வகுத்த உயிர்க்கோழித் தொழில் விதிகளுள் ஒன்று, வாங்குபவர் கூண்டிலிருந்து தமக்கு வேண்டிய பறவையைப் பொறுக்கியெடுக்கக் கூடாது, கைக்கு அகப்பட்டதை ஏற்க வேண்டும் என்றது. அவ்விதிகளை மீறியதாகவும் நோயுற்ற கோழியை விற்றதாகவும் புரூக்ளினின் ஷெக்டர் சகோதரர்மீது தொடரப்பட்ட வழக்கு, 1935 மே 27இல் உச்ச நீதிமன்றத்தில் அவ்விதிகளுக்கு ஆதாரமான சட்டத்தின் அடிப்படையையே தகர்த்தது. நோயுற்ற கோழி வழக்கு என்று சட்ட நூல்களில் பெயர்பெற்ற அது அரசமைப்பு வரலாற்றின் பெரிய திருப்பம். சமையல் வரலாற்றிலோ, கூண்டில் உள்ள பறவையைக் கைகாட்டும் உரிமைக்காக நடந்த பூசல். தமிழ்நாட்டுத் தெருமுனைக் கறிக்கடைகளில் இன்றும் நாள்தோறும் நிகழும் அந்தக் கைகாட்டல், ஹிஸ்டமின் சகிப்பின்மை உடையோருக்கான முதல் நிபந்தனையை எவரும் சொல்லாமலே நிறைவேற்றுகிறது. அறுத்தபின் வெயிலில் பையோடு தொங்கும் நேரம் மட்டும் அக்கணக்கில் வராமல் போகிறது.

பறவையை நாள்படவைக்கும் தேவையையே அறுத்தெறிந்தது கறிக்கோழி. 1925ஐ ஒட்டி அமெரிக்காவில் ஒரு கோழி 2.5 பவுண்டு எடையை எட்ட 112 நாட்கள் ஆயின. நாளைய கோழி என்ற பெயரில் நடந்த இனப்பெருக்கப் போட்டியின் இறுதிச்சுற்று 1948இல் டெலவேர் மாநிலத்தில் நிகழ, கலிஃபோர்னியாவின் சார்லஸ் வான்டிரஸ் வென்றார். அதன்பின் பரவிய கலப்பினங்கள் ஆறு, ஏழு வாரங்களிலேயே அதைப் போல இருமடங்குக்கு மேல் எடை கொள்கின்றன. இவ்வளவு இளைய தசைக்குத் தேவைப்படுவது விறைப்பு தளரும் சில மணி நேரம் மட்டுமே. சுவை குன்றிவிட்டது என்று கறிக்கோழியை இகழ்வோர் சரியாகவே சொல்கின்றனர். ஆனால் அடுப்புக்கு முந்தைய இடைநேரத்தை நாட்களிலிருந்து மணிகளுக்குச் சுருக்கியதும் அதே பறவைதான்.

அமின்கள் மருத்துவத்தின் கவனத்துக்குத் திரும்பியது மீனாலும் பாலாடைக்கட்டியாலும். 1950களில் சம்மா மீனால் விளைந்த நோய்களை ஆராய்ந்த ஜப்பானியர், இன்று மோர்கனெல்லா மோர்கனி எனப்படும் குடல்வாழ் பாக்டீரியாவையும் ஹிஸ்டமினையும் காரணங்களாகக் காட்டினர். 1963இல் பேரி பிளாக்வெல், ஒருவகை மனச்சோர்வு மருந்தை உண்போர் பாலாடைக்கட்டி தின்றால் குருதியழுத்தம் திடீரென ஏறுவதை விளக்கினார். அதற்குக் காரணம் டைரமின் என்ற மற்றோர் அமின். பறவை இறைச்சி இவ்வரலாற்றில் நேரடியாக நுழைவது 1966இல்: அத்தகைய மருந்து உண்ட ஆறு நோயாளிகளுக்குக் கோழி ஈரல் தின்றபின் அதே கேடு நேர்ந்ததாக அமெரிக்க மனநல இதழொன்று அறிவித்தது. தசையைவிட விரைவில் கெடும் ஈரலை இன்றைய பட்டியல்கள் பல ஐயத்தோடு பார்ப்பதற்கு இத்தகைய முன்னிகழ்வுகள் உண்டு. 1993இல் வியன்னாவின் வான்ட்கே, கோட்ஸ், யாரிஷ் ஆகியோர் ஹிஸ்டமினற்ற உணவுமுறையை நாட்பட்ட தலைவலி முதலியவற்றுக்குப் பரிந்துரைத்தனர். 2007இல் மைன்ட்ஸும் நோவாக்கும் எழுதிய விரிவான மீள்பார்வை சகிப்பின்மை என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியது.

பரவிய வேகத்துக்கு ஈடாகச் சான்றுகள் வளரவில்லை. ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளின் ஒவ்வாமை மருத்துவர்கள் 2017இல் வெளியிட்டு 2021இல் திருத்திய வழிகாட்டுதல், இந்நோய்நிலையை உறுதிசெய்ய நம்பத்தக்க ஆய்வக அளவீடு ஏதும் இல்லை என்றும், பொதுப் பட்டியலை ஒட்டுமொத்தமாகத் திணிப்பதைவிட ஒவ்வொருவரின் தாங்கும் அளவையும் தனித்தனியே கண்டறிய வேண்டும் என்றும் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை நியாயமானது. பட்டியல்கள் ஒன்றையொன்று மறுப்பதைப் பார்க்கும் எவரும் அதை உணர்வர். ஆயினும் நாள்பட்ட இறைச்சியில் அமின்கள் பெருகும் என்ற வேதியியலை அது மறுக்கவில்லை. கோழி இறைச்சி கெடும் அளவை அறிய உணவாய்வாளர்கள் அதே புட்ரெசினையும் கடாவரினையும்தான் இன்றும் அளக்கின்றனர்.

சமைக்கும் முறையைப் பற்றியும் ஓரளவு அறியப்பட்டிருக்கிறது. 2017இல் கொரிய ஆய்வாளர்கள் வெவ்வேறு உணவுகளைச் சமைத்து அளந்தபோது, இறைச்சியை நெருப்பில் வாட்டினால் ஹிஸ்டமின் அளவு கூடுவதையும், நீரில் வேகவைத்தால் குறைவதையும் கண்டனர். நீரில் கரையும் பொருளாதலால் வெந்நீருக்குள் இறங்கிய பங்கும் அக்குறைவில் அடங்கும் என்று கொள்ளலாம். அப்படியானால் வெந்த நீரை உண்பவர் அப்பங்கையும் உண்கிறார். நெடுநேரம் கொதிக்கும் எலும்புச்சாறு இப்பட்டியல்களில் கடுமையாக விலக்கப்படுவது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் நோயாளிகளுக்குக் கோழிச்சாற்றைப் பரிந்துரைத்த மரபுக்கு நேர் எதிரானது. கொதிக்கும் பானையில் புதிதாக ஹிஸ்டமினை ஆக்கும் பாக்டீரியா பிழைப்பதில்லையாதலால், கேடு கொதிநேரத்தை விட அதற்கு முன் எலும்புகள் காத்துக்கிடந்த நேரத்திலும், பின்னர்ப் பெரிய பானை மெல்ல ஆறும் நேரத்திலுமே இருக்கக்கூடும். ஊறவைத்தலும் இவ்வாறே சிக்கலானது. தயிர், தக்காளி, காடி ஆகியவற்றைப் பட்டியல்கள் தனித்தனியே விலக்குகின்றன. இரவு முழுதும் ஊறவைக்கும் வழக்கமோ அவற்றோடு பன்னிரண்டு மணி நேரத்தையும் சேர்க்கிறது. இளம்பறவையைச் சிறு துண்டுகளாக்கி, உப்பும் நல்லெண்ணெயும் மஞ்சளும் பச்சை இலைகளும் மட்டும் சேர்த்து அரைமணி நேரத்தில் வேகவைத்து இறக்குவது இந்நெறிகளுக்கு எளிதாக இசைகிறது.

சட்டம் இன்னும் மீனிலேயே நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் வகுத்த விதிகள், ஹிஸ்டிடின் மிகுந்த மீன் வகைகளுக்குக் கிலோவுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை ஹிஸ்டமின் வரம்பு விதித்தன; கோழிக்கு அத்தகைய வரம்பு கிடையாது, 4 பாகை செல்சியஸுக்கு மேல் போகாத குளிர் வேண்டும் என்பதே விதி. ஐரோப்பியக் கடையில் புதிய கோழியின் உறையில், எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்பது அச்சாகிறது. எந்த நாளில் அறுக்கப்பட்டது என்பதை அச்சிடும் கட்டாயம் இல்லை. உறைந்த இறைச்சியின் உறையிலோ, உறையவைத்த தேதியைக் குறிப்பது கட்டாயம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் மக்கள் ஐயுற்று ஒதுக்கிய குளிர்கிடங்குக் கோழியைச் சகிப்பின்மை உடையோர் இன்று தேடி வாங்குவதற்கு அந்தத் தேதியும் ஒரு காரணம்.